காதில் ஊற்றிய மருந்துகளின் கதை

காது வலிக்கிறது என்று நாலு பேர் இருக்கும் இடத்தில் சொல்லிப் பாருங்கள். ஐந்தே நிமிடத்தில் மருந்து வரிசையாக வந்து விழும். ஒருவர் தேங்காய் எண்ணெய் என்பார். இன்னொருவர் நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, பொறுக்கும் சூட்டில் இரண்டு சொட்டு விடச் சொல்வார். வேறொருவர் மருந்துக் கடையில் போய் "காதுக்குச் சொட்டு மருந்து" என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள் என்பார். "உள்ளே யாராச்சும் பார்த்தாங்களா?" என்று கேட்கும் ஆள் மட்டும் அநேகமாக அங்கே இருக்க மாட்டார்.

இதற்காக நம் ஊரை மட்டும் குறை சொல்ல முடியாது. மனிதர்கள் மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகக் காதில் எதையாவது ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளே ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்து இருநூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. வெளிக்காது அழற்சி என்கிற, கேட்பதற்குச் சாதாரணமான ஒரு நோயின் மருந்துகளைப் பற்றிப் படிக்கப் போய், இந்த விஷயம்தான் எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. மருந்து மாறியபோது நடந்ததைவிட, ஊற்றுவதற்கு முன் ஒருவர் நின்று பார்த்தபோதுதான் பெரிய மாற்றங்கள் நடந்திருக்கின்றன. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் காதைப் பற்றிக் கொஞ்சம்

வெளியே தெரியும் காது மடலிலிருந்து உள்ளே செவிப்பறை வரை ஒரு குழல் போகிறது. பெரியவர்களுக்குச் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம். செவிப்பறையை நாம் "ஜவ்வு" என்போம். ஜவ்வுக்கு இந்தப் பக்கம் வெளிக்காது, அந்தப் பக்கம் நடுக்காது. அதற்கும் உள்ளே, ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் உட்காது. இந்த எல்லையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் பாதி இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

வெளிக்காதின் குழல் முழுக்கத் தோல்தான். ஆனால் உடம்பின் மற்ற இடத்துத் தோலைப் போல அதற்குக் காற்றோட்டம் கிடையாது. ஒரு முனை அடைபட்ட குழல். தண்ணீர் போனால் தங்கும். அதனால் இயற்கை அங்கே ஒரு காவல்காரனை வைத்திருக்கிறது. அதுதான் நாம் அழுக்கு என்று நினைத்து எடுத்துப் போடும் குறும்பி. அது பிசுபிசுப்பாக இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது என்பதால் கிருமிகள் எளிதில் பெருகாது. போதாததற்கு, குழலின் தோல் உள்ளிருந்து வெளிநோக்கி மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதாவது காது தன்னைத் தானே பெருக்கித் தள்ளிக்கொள்கிறது.

தண்ணீர் அடிக்கடி போய் ஊறினாலோ, பட்ஸ் போட்டுக் குடைந்து தோலைக் கீறினாலோ, குறும்பி போய் அமிலத்தன்மையும் போய்விடும். கிருமி உள்ளே வரும். குழல் வீங்கும், அரிக்கும், காது மடலைத் தொட்டாலே உயிர் போகும். இதுதான் வெளிக்காது அழற்சி. நீச்சல் அடிப்பவர்களுக்கு அதிகம் வருவதால் ஆங்கிலத்தில் இதை "நீச்சல்காரர் காது" என்றே சொல்கிறார்கள்.

(பட்ஸ் பற்றி ஒரு கொசுறு: குச்சியில் பஞ்சு சுற்றி விற்கலாம் என்று 1923-இல் வியாபாரமாக ஆரம்பித்தவர் லியோ கெர்ஸ்டென்சாங் என்ற அமெரிக்கர். அதுதான் பிறகு க்யூ-டிப்ஸ் என்று புகழ்பெற்றது. பிற்காலத்தில் அதன் பெட்டியிலேயே "காதுக் குழலுக்குள் விடாதீர்கள்" என்று எச்சரிக்கை அச்சிட வேண்டி வந்தது. எதற்காக மக்கள் வாங்குகிறார்களோ அதற்குப் பயன்படுத்தாதே என்று பெட்டியில் எழுதி விற்கும் பொருள்! எங்கள் மார்க்கெட்டிங் பாடத்தில் இதை ஏன் சேர்க்கவில்லை என்று தெரியவில்லை :-) )

எண்ணெயும் காடியும்

கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸில் காதுக்கென்று தனியாக மருந்துகள் உள்ளன. நம் நாட்டில் சுசுருத சம்ஹிதை காது நோய்களை 28 வகையாகப் பிரிக்கிறது. மருந்தெண்ணெயைக் காதில் நிறைத்து வைக்கும் "கர்ண பூரணம்" என்ற முறை ஆயுர்வேதத்தில் இன்றும் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் செல்சஸ் எழுதிய மருத்துவ நூலின் ஆறாம் பகுதியில் காதுக்கு ஒரு நீண்ட அத்தியாயமே உண்டு. அதில் காடி, அதாவது வினிகர், திரும்பத் திரும்ப வருகிறது.

செல்சஸ் சொன்ன ஒரு சின்ன விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. காதில் எதை ஊற்றினாலும் வெதுவெதுப்பாக ஊற்ற வேண்டும் என்கிறார். இன்றைக்கு டாக்டர்களும் இதையே சொல்கிறார்கள்: மருந்துக் குப்பியைச் சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டுப் போடுங்கள் என்று. காரணம் தெரிய ஏறக்குறைய 1900 வருடம் ஆனது. வியன்னாவில் ராபர்ட் பாரானி என்ற மருத்துவர், காதைக் கழுவும்போது தண்ணீர் குளிர்ந்திருந்தால் நோயாளிகளுக்குத் தலை சுற்றுவதையும், அவர்கள் கண்கள் துடித்து ஆடுவதையும் கவனித்தார். உட்காதில்தான் உடம்பின் சமநிலையைக் காக்கும் உறுப்பு இருக்கிறது. குளிர்ச்சி அதற்குள் இருக்கும் திரவத்தை அசைத்துவிடுகிறது. இந்த ஆராய்ச்சிக்காக அவருக்கு 1914-க்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார் என்பது தனிக்கதை.

சரி, அந்தக் காலத்து மருந்துகள் பலித்தனவா? சில பலித்திருக்கும். காடி அமிலம், காது இழந்த அமிலத்தன்மையைத் திருப்பிக் கொடுக்கும். எண்ணெய் அரிப்பைக் கொஞ்சம் தணித்திருக்கும். ஆனால் சீழ் வரும் எல்லாக் காதும் அவர்களுக்கு ஒன்றுதான். சீழ் வெளிக்காதின் தோலிலிருந்து வருகிறதா, ஜவ்வில் விழுந்த ஓட்டை வழியாக நடுக்காதிலிருந்து வருகிறதா என்று பிரித்துப் பார்க்க அவர்களிடம் எந்த வழியும் இல்லை. வளைந்து போகும் இருட்டுக் குழலுக்குள் எப்படிப் பார்ப்பது?

வெளிச்சம் வந்தது

அந்த இருட்டு விலகியது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில். அயர்லாந்தின் டப்ளின் நகரில் வில்லியம் வைல்ட் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1844-இல் கண், காது நோய்களுக்கென்று அங்கே புனித மார்க் மருத்துவமனையைத் தொடங்கியவர். (எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் அப்பா என்றால் உங்களுக்கு உடனே புரியும்.) அதுவரை காது வைத்தியம் என்பது பெரும்பாலும் போலி வைத்தியர்களின் தொழிலாக இருந்தது. பார்க்காமலேயே மருந்து ஊற்றுவது, சூடு வைப்பது, கட்டுவது இவைதான். வைல்ட் 1853-இல் எழுதிய காது அறுவை நூலில் இதைக் கடுமையாகச் சாடினார். கூம்பு வடிவக் குழாயைக் காதில் வைத்து, வெளிச்சத்தில் உள்ளே பார்த்துவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும் என்றார். 1855-இல் ஜெர்மனியின் ஆண்டன் ஃபொன் ட்ரோல்ச், நடுவில் துளையிட்ட குழிஆடியைக் கொண்டு காதுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்க்கும் முறையைப் பரப்பினார். பழைய படங்களில் காது, மூக்கு, தொண்டை டாக்டரின் நெற்றியில் வட்டமாக ஒரு கண்ணாடி இருக்குமே, அதன் மூதாதை இதுதான்.

பார்க்க முடிந்ததும் முதல் பெரிய பிரிவினை சாத்தியமானது: ஜவ்வு முழுசாக இருக்கும் காது, ஜவ்வு கிழிந்த காது. இது ஏதோ ஏட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். வைல்டின் மகன் ஆஸ்கர் 1900-இல் பாரிஸில் இறந்தது மூளைக்காய்ச்சலில். நாள்பட்ட நடுக்காது நோய் உள்ளே பரவியதே அதற்குக் காரணம் என்று பல மருத்துவ வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். காதையே பார்க்கச் சொன்னவரின் வீட்டில் இப்படி ஒரு முடிவு.

மருந்துப் பக்கமும் அந்த நூற்றாண்டு சும்மா இல்லை. ஜெர்மானிய மருத்துவர் கார்ல் ஆகஸ்ட் புரோவ் அலுமினியம் அசிடேட் கரைசலைத் தோல் புண்களுக்குக் கொண்டு வந்தார். "புரோவ் கரைசல்" என்றே அதற்குப் பெயர். ஈரமாக நைந்த தோலை இறுகச் செய்து உலர்த்தும். காதுக் குழலும் தோல்தானே, அங்கேயும் நன்றாக வேலை செய்தது. 1867-இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் கிருமிகளைத் தடுக்கலாம் என்று காட்டிய பிறகு, கிருமிநாசினிகளுக்கு மவுசு கூடியது. 1880 வாக்கில் மியூனிக்கின் ஃபிரெட்ரிக் பெட்சோல்ட், காதைச் சுத்தம் செய்து உலர்த்திவிட்டு போரிக் அமிலத் தூளை உள்ளே ஊதும் முறையைப் பிரபலமாக்கினார்.

கவனித்தீர்களா? காடி, புரோவ் கரைசல், போரிக் அமிலம். பெயர்கள் வேறு, காலம் வேறு. மூன்றுமே செய்வது ஏறக்குறைய ஒரே வேலை: உலர்த்து, அமிலமாக்கு. கிருமியின் பெயர்கூடத் தெரியாமல் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

போரும் ஒரு தப்புக் கணக்கும்

கிருமியின் பெயர் தெரிய ஒரு போர் வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் சண்டையிட்ட வீரர்களைக் காது வலி பாடாய்ப் படுத்தியது. வெப்பம், புழுக்கம், வியர்வை, கடல் குளியல். காது வலியில் துடிக்கிற ஆளுக்குத் தூக்கம் இல்லை. விமானம் ஓட்ட முடியாது, காதில் ஹெட்ஃபோன் மாட்ட முடியாது. "சிங்கப்பூர் காது", "ஹாங்காங் காது" என்றெல்லாம் பெயர் வைத்தார்கள்.

அப்போது பெரும்பாலான மருத்துவர்கள் இதற்குக் காரணம் பூஞ்சை என்று நம்பினார்கள். வெப்ப மண்டலம், ஈரம், அதனால் பூஞ்சைதானே இருக்கும் என்பது கணக்கு. ஆகவே பூஞ்சைக்கான சாயங்களையும் அமிலங்களையும் தடவிக்கொண்டிருந்தார்கள்.

சிலர் மட்டும் நோயாளிகளின் காதிலிருந்து மாதிரி எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். நல்ல காதுகளிலிருந்தும் எடுத்து ஒப்பிட்டார்கள். ஜெரோம் சிவர்டனும் உடன் பணியாற்றியவர்களும் 1946-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. செயின்ட் லூயிஸைச் சேர்ந்த பென் செஞ்சூரியாவும் போர்க்காலத்தில் விமானப்படையினரின் காதுகளை இதேபோல ஆராய்ந்தார். பூஞ்சை சில காதுகளில் இருந்தது உண்மைதான். ஆனால் கடுமையாக வீங்கிய காதுகளில் மிகுதியாக இருந்தது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. தண்ணீரில் சுகமாக வாழும் கிருமி அது. இன்றைய நிலவரப்படி திடீரென வரும் வெளிக்காது அழற்சியில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் சூடோமோனாஸும் ஸ்டெஃபிலோகாக்கஸும்தான். பூஞ்சையின் பங்கு சிறிது.

இங்கே ஒரு சோதனையும் சேர்ந்துகொண்டது. அந்தக் காலத்தின் அதிசய மருந்தான பெனிசிலின் சூடோமோனாஸை ஒன்றும் செய்யாது. உலகமே கொண்டாடிய மருந்து, காது வலியில் தோற்றுப் போனது.

மண்ணிலிருந்து வந்த விஷங்கள்

போர் முடிந்த சில ஆண்டுகளில் வழி பிறந்தது, மண்ணிலிருந்து. 1947-இல் மண் பாக்டீரியா ஒன்றிலிருந்து பாலிமிக்சின் கிடைத்தது. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் தனித்தனிக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுபிடித்தன. அது சூடோமோனாஸைக் கொன்றது. 1949-இல் செல்மன் வாக்ஸ்மனும் ஹியூபர்ட் லெஷெவலியரும் இன்னொரு மண் நுண்ணுயிரியிலிருந்து நியோமைசினைப் பிரித்தார்கள். அது ஸ்டெஃபிலோகாக்கஸை அடக்கியது.

ஒரு சிக்கல்தான். இரண்டையுமே ஊசியாகப் போட்டால் சிறுநீரகம் கெடும். நியோமைசின் அதோடு நிற்காது. உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச் செல்களைக் கொன்று செவிடாக்கிவிடும். அந்தச் செல்கள் மனிதருக்கு மறுபடி வளராது.

ஊசியாகப் போட லாயக்கில்லாத மருந்துகளை என்ன செய்வது? உடம்புக்கு வெளியே, தோலின் மேல் பயன்படுத்தலாம். வெளிக்காதும் தோல்தானே! அதே 1949-இல் ஃபிலிப் ஹென்ச் குழுவினர் கார்டிசோன் மூட்டுவாதத்தைத் தணிப்பதை உலகுக்கு அறிவித்தார்கள், அடுத்த ஆண்டே நோபல் பரிசும் பெற்றார்கள். அந்த ஸ்டீராய்டு குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ரோகார்டிசோன் வீக்கத்தையும் அரிப்பையும் குறைக்கும். ஆக பாலிமிக்சின், நியோமைசின், ஹைட்ரோகார்டிசோன் மூன்றும் ஒரே குப்பியில் சேர்ந்தன. பரோஸ் வெல்கம் நிறுவனத்தின் கார்டிஸ்போரின் இந்தக் கூட்டணியின் புகழ்பெற்ற பெயர். பல பத்தாண்டுகள் காது மருந்துச் சந்தையில் கொடி கட்டிப் பறந்தது.

இதில் உள்ள முரணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். செவிடாக்கும் என்பதால் ஊசியாகப் போடக் கூடாது என்று ஒதுக்கிய மருந்து, கடைசியில் காதுக்குள் ஊற்றும் மருந்தானது. எந்தத் தைரியத்தில்? இடையில் ஜவ்வு இருக்கிறது என்ற தைரியத்தில். ஜவ்வு முழுசாக இருந்தால் மருந்து அந்தப் பக்கம் போகாது. அதுவரை சரி.

ஜவ்வு கிழிந்திருந்தால்?

இந்தக் கேள்விக்கு விடை காண மருத்துவ உலகம் எடுத்துக்கொண்ட காலம்தான் எனக்கு அதிர்ச்சி. கினிப் பன்றிகளின் நடுக்காதில் இந்த மருந்துகளை விட்டால் உட்காது கெடுகிறது என்று ஆய்வகங்கள் காட்டின. ஆனால் மருத்துவர்கள் பலர், மனிதக் காதின் அமைப்பு வேறு, உட்காதின் வாசலில் இருக்கும் சவ்வு மனிதருக்குத் தடிமன் அதிகம், அதோடு சீழ் பிடித்த காதை அப்படியே விட்டாலும் காது கெடத்தானே செய்யும் என்று வாதாடினார்கள். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைக்கு வேறு நல்ல மருந்தும் கையில் இல்லை.

ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள். 1963-இல் வந்த ஜென்டாமைசின், நியோமைசினின் உறவுக்கார மருந்து. மெனியர் நோய் என்று ஒன்று உண்டு, தலை சுற்றிச் சுற்றி ஆளை வீழ்த்தும். மருந்துகளுக்கு அடங்காதபோது, ஜென்டாமைசினை வேண்டுமென்றே ஜவ்வைத் தாண்டி நடுக்காதில் செலுத்துவார்கள். எதற்கு? அந்தப் பக்கத்துச் சமநிலை உறுப்பை முடக்கிப்போட! அதாவது அந்த மருந்து மனிதரிலும் உள்ளே போய்க் கெடுக்கும் என்பது ஒரு அறையில் சிகிச்சையாகவும், பக்கத்து அறையில் சந்தேகமாகவும் இருந்தது.

1993-இல் இன்னொரு துப்பு கிடைத்தது. சில குடும்பங்களில் தாய் வழியாக வரும் ஒரு மரபணு மாற்றம் இருந்தால், இந்த வகை மருந்து கொஞ்சம் உடம்பில் சேர்ந்தாலே காது கேளாமல் போகிறது என்று கண்டறிந்தார்கள். ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்தவருக்கு உத்தரவாதம் இல்லை.

கடைசியில் 2004-இல் அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் அமைப்பின் நிபுணர் குழு, ஜவ்வு திறந்திருக்கும் காதில் முடிந்தவரை இந்த மருந்துகளைத் தவிர்த்து, கெடுதல் செய்யாத மாற்றைப் பயன்படுத்துங்கள் என்று பரிந்துரைத்தது. நியோமைசின் கண்டுபிடித்து 55 ஆண்டுகள் கழித்து. நியோமைசின் மேல் இன்னொரு புகாரும் உண்டு. கணிசமான பேருக்கு அதனால் தோல் ஒவ்வாமை வரும். காது ஆறாமல் அரித்துக்கொண்டே இருந்தால், நோய் போகவில்லை என்று நினைத்து அதே மருந்தை இன்னும் ஊற்றுவார்கள். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை வல்லுநர்கள் சங்கம் 2010-இல் நியோமைசினை "ஆண்டின் ஒவ்வாப் பொருள்" என்று அறிவித்தது. இப்படியும் ஒரு விருது!

சாண்ட்லர் பார்த்த நோயாளிகள்

எல்லா வெளிக்காது அழற்சியும் சொட்டு மருந்தில் போய்விடாது என்று உலகுக்குச் சொன்னவர் மயாமியைச் சேர்ந்த ஜேம்ஸ் சாண்ட்லர். 1968-இல் 13 நோயாளிகளைப் பற்றி எழுதினார். சாதாரணக் காது வலி போலத்தான் ஆரம்பித்திருக்கிறது. பிறகு கிருமி குழலின் தோலைத் துளைத்து, கபால எலும்புக்குள் இறங்கி, முகத்தின் நரம்பைத் தாக்கியது. ஏறக்குறைய பாதிப் பேர் இறந்து போனார்கள். புற்றுநோய் அல்ல, இருந்தும் அதன் கொடுமை காரணமாக அதற்கு இணையான ஒரு பெயரையே வைத்தார். கிருமி? அதே சூடோமோனாஸ். நோயாளிகள்? பெரும்பாலும் வயதான சர்க்கரை நோயாளிகள்.

இந்த இடத்தில் நம் நாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். இவர்களில் எத்தனை தாத்தா பாட்டிகள் காது வலிக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு, இரவெல்லாம் தூங்காமல், "காது வலிதானே" என்று ஒரு மாதம் பொறுத்திருப்பார்கள்? சர்க்கரை உள்ள பெரியவருக்கு, இரவில் கூடுகிற, மருந்துக்கு அடங்காத காது வலி வந்தால் அது சாதாரணம் என்று விடக்கூடாது. சாண்ட்லரின் கட்டுரையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்.

சாண்ட்லரின் காலத்தில் இதற்கு அறுவை சிகிச்சையும் வாரக்கணக்கில் ஊசியும் தவிர வழி இல்லை. நிலைமையை மாற்றியது 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, பேயர் நிறுவனத்தின் சிப்ரோஃப்ளாக்சசின். வாய் வழியாகச் சாப்பிட்டாலே எலும்பு வரை போய் சூடோமோனாஸைத் தாக்கும் மாத்திரை அது. இந்தக் குடும்பத்தின் மூதாதையான நாலிடிக்சிக் அமிலம் 1962-இல் மலேரியா மருந்தான குளோரோகுயின் தொடர்பான வேலையின் உபரியாகக் கிடைத்தது என்பது ஒரு சுவாரசியம்.

இதே குடும்பத்திலிருந்துதான் சொட்டு மருந்துக்கும் விடிவு வந்தது. 1997 டிசம்பரில் ஆஃப்ளாக்சசின் காதுச் சொட்டு மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜவ்வில் ஓட்டை இருந்தாலும் போடலாம், செவியைக் கெடுக்காது என்பதுதான் இதன் சிறப்பு. 1998-இல் சிப்ரோஃப்ளாக்சசினும் ஹைட்ரோகார்டிசோனும், 2003-இல் சிப்ரோஃப்ளாக்சசினும் டெக்சாமெத்தசோனும் சேர்ந்த சொட்டு மருந்துகள் அனுமதி பெற்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வணிகவியல் படிப்பவன் கணக்கு இல்லாமல் முடித்தால் நன்றாக இருக்காது. 2007-இல் அமெரிக்காவில் மட்டும் வெளிக்காது அழற்சிக்காக 24 லட்சம் முறை மக்கள் மருத்துவரிடம் போனார்கள், நேரடிச் செலவு சுமார் 50 கோடி டாலர் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் மதிப்பிட்டது. ஒரு முறைக்கு 200 டாலர் சொச்சம். காதுக்குள் போகும் நாலு சொட்டுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய சந்தை.

இன்னொரு கணக்கு. சொட்டு மருந்தில் 0.3 சதவீதம் என்று எழுதியிருந்தால், ஒரு மில்லிலிட்டரில் 3000 மைக்ரோகிராம் மருந்து. மாத்திரையாக விழுங்கினால் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான் சேரும். சுமார் ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதனால்தான் நோய் குழலைத் தாண்டிப் பரவாதவரை மாத்திரை வேண்டாம், சொட்டு மருந்தே போதும் என்று 2006-லும் 2014-லும் வந்த அமெரிக்க மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. சர்க்கரை நோயாளிகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் இதற்கு விதிவிலக்கு. குழல் வீங்கி அடைத்துவிட்டால் மருந்து உள்ளே போகாது. அப்போது ஒரு சின்னத் திரியை வைத்து அதன் மேல் மருந்தை விடுவார்கள். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அது மருந்தை உள்ளே இழுக்கும்.

கடைசியாக நம் பழைய நண்பர் காடி. அசிட்டிக் அமிலத்தின் 2 சதவீதக் கரைசல் இன்றும் காது மருந்தாக இருக்கிறது. 2003-இல் நெதர்லாந்தில் 213 நோயாளிகளிடம் ஒரு போட்டி நடத்திப் பார்த்தார்கள். ஸ்டீராய்டும் ஆண்டிபயாட்டிக்கும் சேர்ந்த சொட்டு மருந்துக்கு நடுக்கணக்காக 6 நாளில் குணம். ஸ்டீராய்டும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்ததற்கு 7 நாள். வெறும் அசிட்டிக் அமிலத்துக்கு 8 நாள். காடி தோற்றதுதான், ஆனால் வித்தியாசம் இரண்டே நாள். ஈராயிரம் ஆண்டுக் கிழவருக்கு இது மோசமான மதிப்பெண் இல்லை. அதோடு, கிருமிகள் ஆண்டிபயாட்டிக்குக்குப் பழகுவது போல அமிலத்துக்கு எளிதில் பழகுவதில்லை.

ஆண்டிபயாட்டிக் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட்டால் இன்னொன்றும் நடக்கும். பாக்டீரியா செத்த காலி இடத்தில் பூஞ்சை குடியேறும். அப்போது 1969-இல் பேயர் கண்டுபிடித்த க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை மருந்து தேவைப்படும். போர்க்காலத்தில் பாக்டீரியாவைப் பூஞ்சை என்று எண்ணி மருந்து போட்டார்கள். இப்போது பூஞ்சையைப் பாக்டீரியா என்று எண்ணி, மீதமிருக்கும் பழைய குப்பியையே ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவையும் படித்த பிறகு எனக்குப் பாட்டி வைத்தியத்தின் மேலும் கோபம் இல்லை, மருந்துக் கம்பெனிகளின் மேலும் கோபம் இல்லை. எண்ணெயோ ஆஃப்ளாக்சசினோ, ஜவ்வு முழுசாக இருக்கிறதா, உள்ளே இருப்பது என்ன, நோயாளிக்குச் சர்க்கரை உண்டா என்று தெரியாமல் ஊற்றினால் அது குருட்டு அதிர்ஷ்டம்தான். வைல்ட் 1853-இல் சொன்னது மிக எளிமையானது: முதலில் பாருங்கள். காதைப் பார்க்கும் அந்தச் சின்ன விளக்குக் கருவி இன்று ஏறக்குறைய எல்லாக் காது, மூக்கு, தொண்டை டாக்டர் மேசையிலும் இருக்கிறது. பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. போன மயிர்ச் செல் ஒன்றுகூடத் திரும்ப வராது.

அடுத்த முறை யாராவது காது வலிக்கிறது என்றால், "என்ன ஊத்துனே?" என்பதற்கு முன்னால் "யார்கிட்ட காட்டுனே?" என்று கேளுங்கள்.

டிஸ்கி: நான் மருத்துவம் படிக்கவில்லை. இது வரலாற்றுக் கட்டுரை, மருந்துச் சீட்டு அல்ல. இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஊறுகாய் வினிகரைக் காதில் விட்டுப் பார்த்தால் கம்பெனி பொறுப்பாகாது :-)